கேட்டுட்டு எடுக்கோணும்

நடந்தவை, வரிசைப்படி:

1. என் அப்பாவின் இரண்டு சிறுநீரகங்களும் பழுதாயின.
2. குடும்பத்தில் மூன்று பேருக்கு ரத்தம் பார்த்தார்கள். அம்மா, சித்தப்பா, அத்தை.
3. அத்தையுடையது பொருந்தியது.
4. ஐந்து வருடங்களுக்கு முன்பு அத்தையை விட்டுப் போயிருந்த கணவரைத் திருப்பூரில் தேடிப் பிடித்து, சம்மதக் கையெழுத்து வாங்கினார்கள்.
5. கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அத்தையின் இடது சிறுநீரகத்தை எடுத்து அப்பாவுக்கு வைத்தார்கள்.
6. எட்டாம் நாள் அத்தை பஸ்ஸில் மலையேறி வந்தார். ஒன்றரை மாதம் கழித்து அப்பா காரில் வந்தார்.
7. நான்காம் மாதம் அத்தை மறுபடி கொழுந்து பறிக்கப் போனார்.
8. அடுத்த எட்டு வருடங்களில் ஒருவரும் அத்தையின் ரத்தத்தைப் பரிசோதிக்கவில்லை.
9. ஒன்பதாம் வருடம் நான் பரிசோதித்தேன்.

அத்தையிடம் கேட்டார்கள் என்ற வரியை இதில் தேட வேண்டாம். நான் எழுத மறக்கவில்லை. அது நடக்கவே இல்லை.

நான் குன்னூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். எதையும் வரிசை போட்டால்தான் எனக்குப் புரியும். போட்டு முடித்துப் பார்த்தால் அத்தைக்குச் செய்யப்பட்டவை எல்லாம் இருக்கின்றன, அத்தையைக் காணோம். ஆகவே இனி அத்தை.

அப்பாவுக்கு ஒரே தங்கை. குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிலாளர் லைன் வீடுகளில், எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீடு அவருடையது. குள்ளம். கனத்த மணிக்கட்டு. பேசினால் அடுத்த லைனுக்குக் கேட்கும். பிள்ளை இல்லை. வீட்டில் ஒரு பெரிய டப்பா நிறைய வர்க்கி, ஊட்டிப் பக்கத்து மொறுமொறு ரொட்டி, எப்போதும் இருக்கும். மூடி இறுக்கமாக இருக்காது. யார் வேண்டுமானாலும் திறக்கலாம். ஆனால் கேட்காமல் எடுக்கக் கூடாது. எனக்கு ஆறு வயதிருக்கும்போது ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டேன்.

"கடிச்சதைத் திருப்பி உள்ள போடு."

போட்டேன்.

"இப்பக் கேளு."

"அத்தே, வர்க்கி வேணும்."

"இந்தா, ரெண்டு எடுத்துக்கோ. கடிச்சதும் உன்றதுதான், அதையும் எடுத்துக்கோ. கேட்டுட்டு எடுக்கோணும் கண்ணு. குடுக்கறதுக்குத்தானே வச்சிருக்கறேன்?"

பெரியவர்களுக்கும் இதே சட்டம்தான். ஒரு வருடம் மாரியம்மன் கோயில் கமிட்டிக்காரர்கள் அன்னதானப் பலகையில் எல்லார் பெயருக்கும் எதிரில் ஒரு பொருளை எழுதிவிட்டு, பிறகு வீடு வீடாக வந்தார்கள். அத்தை பெயருக்கு எதிரே பத்து கிலோ அரிசி. அத்தை நேராகக் கோயிலுக்குப் போய் முந்தானையை நனைத்துப் பலகையில் தன் பெயரை அழித்தார். "இப்ப வந்து கேளுங்க" என்றார். தலைவர் அந்த இடத்திலேயே, எல்லார் முன்னாலும், "அம்மிணி, அரிசி குடுக்கறீங்களா?" என்று கேட்க வேண்டியதாயிற்று. "ஒரு மூட்டை குடுக்கறேனுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

தேயிலைக் காட்டில் மேஸ்திரியோடும் இதேதான். "நாளைக்கு ஆறாம் நம்பர் காடு" என்று மேஸ்திரி சத்தம் போட்டால், "போன்னு சொல்றீங்களா, போறயான்னு கேக்கறீங்களா?" என்பார். ஆறாம் நம்பர் நெட்டுக்குத்தான மேடு. வயதான பெண்கள் அங்கே ஏற முடியாமல் திணறுவார்கள். அவர்களுக்காகவும் சேர்த்துத்தான் கேட்பார். மேஸ்திரிக்கு முதலில் கோபம், பிறகு பழகி அதுவே கேலியாயிற்று. மேகம் கவிந்தால் கூடைகளுக்கு நடுவில் நின்று கையைக் கட்டிக்கொள்வார்.

"அம்மிணி, மழை பெய்யலாமுங்களா?"

"பெய்யச் சொல்லுங்க. அதாச்சும் மேகத்தைக் காட்டிக் கேட்டுட்டு வருது."

இருபது பெண்கள் சிரிப்பார்கள். அத்தை சிரிக்கமாட்டார். அவர் விளையாடவில்லை என்பது எனக்கே அப்போது தெரியாது.

கணவர் விஷயத்திலும் இதுதான் புண். அவர் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு என்று போய் அங்கேயே வேறு குடும்பம் அமைத்துக்கொண்டார். பெண்கள் துக்கம் விசாரிக்க வருவதுபோல வந்து உட்கார்ந்தபோது அத்தை தேயிலையில் வெந்நீர் ஊற்றியபடியே சொன்னார்: "இன்னொருத்திகூடப் போனது கூடப் பெருசில்ல. போறேன், போகட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, பெட்டியக் கட்டிக் குடுத்திருப்பேன்."

இப்படிப்பட்ட ஒருவரிடம்தான் எங்கள் குடும்பம் கேட்காமல் சிறுநீரகத்தை எடுத்தது.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அப்பாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். விடியும்முன் பஸ், மேட்டுப்பாளையம் இறங்கி, கோயமுத்தூர் போய், நாலு மணி நேரம் மெஷினில் படுத்து, திரும்பும்போது மலைப்பாதையின் வளைவு ஒவ்வொன்றிலும் வாந்தி. கால் வீங்கி, செருப்புக்குள் நுழையாது. டாக்டர் ரத்த உறவில் யாராவது சிறுநீரகம் கொடுத்தால் நல்லது என்றார். "எல்லாருக்கும் ரத்தம் பார்க்கறாங்க, நீயும் வா அம்மிணி" என்று சித்தப்பா சொல்ல, அத்தையும் போய்க் கையை நீட்டினார். அதற்கு மட்டும்தான் அவரைக் கூப்பிட்டார்கள்.

அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது. சித்தப்பாவுடையதும் அத்தையுடையதும் பொருந்தின. இது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. பட்டியலில் மூன்றாவது வரியைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன், ஏனென்றால் வீட்டில் எங்களுக்கு அப்படித்தான் சொன்னார்கள். சித்தப்பாவுக்கு இரண்டு பிள்ளைகள். லாரி ஓட்டுகிறவர். ஆம்பளை. "அவளுக்கென்ன, பிள்ளையா குட்டியா" என்று சித்தி சொன்னது என் காதில் விழுந்தது. எங்கள் அடுப்படியில் நின்றுதான் சொன்னார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

அத்தைக்கு விஷயம் தெரிந்தது தண்ணீர்க் குழாயடியில். நான் குடத்தோடு அவருக்குப் பின்னால் நின்றேன். முன்னால் நின்ற பெண் திரும்பி அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மகராசி, நீ நல்லா இருக்கோணும். அண்ணனுக்கு உசுரு குடுக்கறியாமே?"

"நானா? எப்ப?"

"அடுத்த மாசமாமே. உங்க சின்னண்ணன் டீக்கடையில சொல்லிட்டிருந்தாரு. உன்றது பொருந்திருச்சாமா."

குடம் நிரம்பி வழிந்தது. அத்தை குழாயை மூடவில்லை. பின்னால் யாரோ, "ஏனுங்க, தண்ணி போகுது" என்றார்கள். அத்தை குடத்தை அப்படியே விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். நானும் ஓடினேன்.

அப்பா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். சித்தப்பா இருந்தார், அம்மா இருந்தார். அத்தை வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணா, என்கிட்ட ஏதாச்சும் கேக்கோணுமா?"

அப்பா சுவரைப் பார்த்துக் கொண்டிருந்தார். திரும்பாமலே, "என்ன அம்மிணி கேக்கறது, எல்லாம் அவன் பார்த்துக்குவான்" என்று சித்தப்பாவைக் கைகாட்டினார்.

சித்தப்பா, "பயப்படாத, தழும்பு கூடத் தெரியாதாம்" என்றார்.

அத்தை இன்னும் கொஞ்சம் நின்றார். கேட்பார்கள் என்று நின்றார். எனக்கு இன்று தெரிகிறது. அன்றைக்கு அவர் கோபத்தில் நிற்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் போய்விட்டார்.

கல்யாணமான பெண் தானம் கொடுப்பதென்றால் கணவரின் சம்மதமும் கையெழுத்தாக வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சித்தப்பா திருப்பூர் போனார். இரண்டு நாள் அலைந்து, அந்த மனிதரைக் கண்டுபிடித்து, பிரியாணி வாங்கிக் கொடுத்து, கேட்டார். கெஞ்சிக் கேட்டார் என்று அவரே பெருமையாகச் சொன்னார். ஓடிப்போனவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி ஒரு நாள் எடுத்துக்கொண்டு, பிறகு கையெழுத்துப் போட்டார். அவருக்கு யோசிக்க ஒரு நாள் கிடைத்தது. அத்தை அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இவரு எழுத்து இன்னும் அழகாத்தான் இருக்குது" என்று மட்டும் சொன்னார்.

ஏன் கொடுத்தார் என்று நான் ஒருமுறை கேட்டேன். அந்த வருடமே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவருக்குத் தலை பின்னிவிட்டபடி. அத்தை, உறுப்பு தானத்துக்கு அனுமதி கொடுக்கிற அரசாங்கக் கமிட்டியின் முன்னால் உட்கார்ந்த கதையைச் சொன்னார்.

"நாலஞ்சு பேரு உக்காந்திருந்தாங்க. வீடியோ எடுத்தாங்க. கண்ணாடி போட்ட அம்மா ஒருத்தங்க, என்னை மட்டும் இருக்கச் சொல்லிட்டு, உங்கப்பன், சித்தப்பன் எல்லாரையும் வெளிய போகச் சொல்லிட்டாங்க. அப்புறம் என்னைக் கேட்டாங்க கண்ணு. 'உங்களை யாராச்சும் கட்டாயப்படுத்தினாங்களா? உங்களுக்குக் குடுக்க இஷ்டமா? இல்லைன்னாச் சொல்லுங்க, நாங்களே பொருந்தலைன்னு சொல்லிடறோம், வெளிய யாருக்கும் தெரியாது'ன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கு அழுகை வந்துருச்சு. அவங்க பயந்துட்டாங்க, கட்டாயப்படுத்தித்தான் கூட்டிட்டு வந்துட்டாங்களோன்னு. நான் சொன்னேன், இல்லீங்க, இதுவரைக்கும் இதை ஒருத்தரும் என்னைக் கேக்கலீங்க, நீங்கதான் மொதல்ல கேக்கறீங்க, அதனால வருதுங்க. குடுக்கறேனுங்க, எழுதிக்கோங்கன்னேன்."

"கேக்கலைன்னா குடுத்திருக்கமாட்டீங்களா?"

"அண்ணனுக்குக் குடுக்காம இருப்பனா? என்னைப் பள்ளிக்கூடத்துக்குத் தோள்ல தூக்கிட்டுப் போனவரு." பின்னலை என் கையிலிருந்து இழுத்துக்கொண்டார். "அதான் எரியுது. கேட்டிருந்தா அவருகிட்டயே சரின்னு சொல்லியிருப்பேன். மூஞ்சியப் பார்த்துச் சொல்லியிருப்பேன். இப்ப யாரோ ஒரு அம்மாகிட்டச் சொல்லிட்டு வந்திருக்கறேன்."

அறுவை முடிந்ததும் அப்பாவைக் கண்ணாடி அறையில் வைத்தார்கள். எங்கள் குடும்பம் முழுக்கக் கண்ணாடிக்கு வெளியே நின்றது. மூத்திரப் பை நிரம்ப நிரம்ப அம்மா கும்பிட்டார். சித்தப்பா நர்ஸ்களுக்கெல்லாம் இனிப்பு கொடுத்தார். அத்தை வேறு மாடியில், பொது வார்டில் இருந்தார். அவருக்கு யாரும் துணை இல்லை என்று என்னை அனுப்பினார்கள். பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளையை அனுப்பலாம் என்று தோன்றிய அளவுக்குத்தான் அது அவர்களுக்கு முக்கியம்.

தானம் கொடுத்தவருக்குத்தான் வலி அதிகம் என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. வாங்கியவர் பல மாதம் நோயில் கிடந்தவர். புதுச் சிறுநீரகம் வேலை செய்ய ஆரம்பித்ததும் உடம்பு தெளிகிறது. கொடுத்தவர் நல்ல உடம்போடு நடந்து வந்து படுத்தவர். எழும்போது விலாவின் கீழே வெட்டுக்காயத்தோடு எழுகிறார். அத்தையால் இருமக்கூட முடியவில்லை. தலையணையை விலாவில் அழுத்திப் பிடித்துக்கொண்டு மூச்சுவிட்டார்.

"அண்ணனுக்கு ஒண்ணுக்கு வந்துச்சா?" இதுதான் முதல் கேள்வி.

"வந்துச்சு அத்தே. பை பையா வருதாம்."

"பாரு, என்ற கிட்னி அதுக்குள்ள வேலைக்குப் போயிருச்சு. நான்தான் லீவுல படுத்திருக்கறேன்." சிரிக்கப் போய், வலி தாங்காமல் என் கையை நகம் பதியப் பிடித்தார். "சிரிக்க வைக்காத புள்ள." சிரிக்க வைத்தது அவர்தான்.

இனி என் பங்கு. இதையும் எழுத வேண்டும்.

வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. அப்பா வீடு திரும்பியதும் ஆஸ்பத்திரி ஃபைலை என் கையில் கொடுத்தார்கள். எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, எது சாப்பாட்டுக்கு முன், எது பின். ஒரு பெரிய அட்டையில் கட்டம் போட்டு எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டினேன். கொதிக்க வைத்த தண்ணீர், தனித் தட்டு, ஆள் வந்தால் மாஸ்க். அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, இவளை லேப் படிப்புப் படிக்க வைக்கலாம் என்று பள்ளிக்கூட டீச்சர் அப்பாவிடம் சொன்னார். என் தொழில் அந்த அட்டையில்தான் ஆரம்பித்தது.

ஃபைலின் கடைசியில் அத்தை பெயர் போட்டு இரண்டு தாள்கள் இருந்தன. அவருக்கென்று தனி ஃபைல் கொடுக்கவில்லை. அப்பாவுடையதிலேயே சேர்த்துப் பின் அடித்திருந்தார்கள். "அத்தைக்கு என்ன போட்டிருக்குது?" என்று அம்மா கேட்டார். முதல் வரியைப் படித்தேன். மருந்துகள் எதுவும் இல்லை என்று இருந்தது. "அத்தைக்கு மருந்து கிடையாது" என்று சொல்லிவிட்டு ஃபைலை மூடினேன். அதற்குக் கீழே பதினோரு வரிகள் இருந்தன. வருடம் ஒருமுறை ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்க வேண்டும். பிரஷர் பார்க்க வேண்டும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். டாக்டரைக் கேட்காமல் வலி மாத்திரை எடுக்கவே கூடாது. அந்தப் பதினோரு வரிகளை நான் படித்தது ஒன்பது வருடம் கழித்து.

அந்த ஒன்பது வருடம் தோட்டத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். மூன்று மாதம் லைட் வொர்க் சீட்டு கொடுத்தார்கள். நாற்றங்காலில் உட்கார்ந்து பாலிதீன் பைகளில் மண் நிரப்புகிற வேலை. சீட்டுக் காலம் முடிந்ததும் மஸ்டர் என்கிற வேலைப் பதிவேட்டில் பழையபடி கொழுந்துக்குப் பெயர் விழுந்தது. லைன் வீடு வேலையோடு ஒட்டியது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். அத்தை போனார். கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்து மேடேறினார். விலா வலித்தது.

எங்கள் காடுகளில் பெண்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. அதனால் பெண்கள் காலையில் தேநீர் குடித்தால் திரும்பி வரும்வரை தண்ணீர் குடிக்கமாட்டார்கள். எல்லாரும் அப்படித்தான். அத்தையும் அப்படித்தான், ஒற்றைச் சிறுநீரகத்தோடு. வலிக்கு எல்லாரும் தோட்டத்து டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்குவார்கள். கம்பவுண்டர் கண்ணாடி ஜாடியில் வைத்திருப்பார். மேலெல்லாம் வலி என்று சொல்ல வேண்டியது, அவர் மூடியைத் திறக்க வேண்டியது. கெட்ட மனிதர் இல்லை. அப்பாவின் பெயருக்கு எதிரே சிவப்பு மையில் கிட்னி நோயாளி என்று எழுதி வைத்திருந்தார். அத்தையின் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை, ஏனென்றால் அத்தை நோயாளி இல்லை.

"எத்தனை வேணுமுங்க அம்மிணி?" என்று கேட்பாராம். அந்த ஒன்பது வருடத்தில் அவரை ஒழுங்காகக் கேட்டது அந்த ஒரு இடத்தில்தான். வாரத்துக்கு ஆறு, எட்டு என்று வாங்கியிருக்கிறார்.

நான் படிப்பு முடித்து வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு விடுமுறையன்று ஊசியும் குழாய்களும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். எல்லாருக்கும் ரத்தம் எடுத்தேன். அத்தை வீட்டுக்கும் போனேன்.

"அத்தே, உங்களுக்கு ரத்தம் எடுக்கலாமா?"

"அட, கேக்கறவளா ஆயிட்டியே! எடுத்துக்கோ, எடுத்துக்கோ. எவ்வளவு வேணும், ஒரு குடம்?"

மறுநாள் பரிசோதனைக் கூடத்தில் கிரியேட்டினின் 1.7 என்று வந்தது. சிறுநீரகம் கெடக் கெட ஏறுகிற எண் அது, 1.2-க்கு மேல் போகக் கூடாது. மெஷின் தவறாக இருக்கும் என்று திரும்பப் போட்டேன். 1.7. சிறுநீரில் புரதம் இறங்கியிருந்தது. பிரஷர் பார்த்தேன், அதுவும் ஏறியிருந்தது. எத்தனை வருடமாக என்று யாருக்கும் தெரியாது. எது காரணம் என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்லவில்லை. மாத்திரையாக இருக்கலாம், பிரஷராக இருக்கலாம், தண்ணீர் குடிக்காததும் சேர்ந்திருக்கலாம். வருடா வருடம் பார்த்திருந்தால் முதலிலேயே தெரிந்திருக்கும் என்பதை மட்டும் எல்லாரும் சொன்னார்கள்.

நான் அந்த இரண்டு தாள்களை எடுத்துக்கொண்டு போய் அத்தையின் முன் உட்கார்ந்து, பதினோரு வரிகளையும் தமிழில் படித்துக் காட்டினேன். நான் முதல் வரியோடு நிறுத்தியதையும் சொன்னேன்.

அத்தை கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"நீ அப்பச் சின்னப் புள்ள. ஒம்பதாவதா, எட்டாவதா?"

"எட்டாவது."

"உங்கப்பனுக்கு அப்ப நாப்பது வயசு." தாள்களை மடியில் நீவிவிட்டுக்கொண்டார். "மாசா மாசம் கோயமுத்தூர் போயிட்டு வந்தாரு. அதே டாக்டரு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'என்ற தங்கச்சி எப்படி இருக்கோணுமுங்க?'ன்னு கேட்டிருக்கலாம்ல? என்கிட்டத்தான் கேக்கலை. டாக்டர்கிட்டக் கேக்கறதுக்கு என்ன?"

அந்தக் கேள்வியை நான் அப்பாவிடம் கொண்டுபோனேன். அப்பா அடர்த்தியான மீசையோடு, நிறம் தெளிந்து, நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் வரிசையாகச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அழுதார். பிறகு சொன்னார்:

"கேக்கறதா? கூடப் பொறந்தவகிட்டயா? கேக்கறதெல்லாம் அடுத்த ஊட்டுக்காரங்ககிட்ட. நான் வாயத் திறந்து கேட்டிருந்தா அவளால மாட்டேன்னு சொல்லியிருக்க முடியுமா? அந்தச் சங்கடத்தை அவளுக்குக் குடுக்க வேண்டாம்னுதான் நான் செவுத்தைப் பார்த்துட்டுப் படுத்திருந்தேன்."

அவர் பொய் சொல்லவில்லை. எங்கள் சனங்களில் அப்படித்தான். சொந்தத்தில் கேட்பது கேவலம். கேட்காமல் செய்வதுதான் பாசம், கேட்காமல் எடுப்பதுதான் உரிமை. அம்மாவும் அதையே சொன்னார், சித்தப்பாவும் அதையே சொன்னார். நான் அதைப் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறேன். சித்தப்பா திருப்பூர் போய்க் கேட்டாரே. ஓடிப்போன ஒருவரிடம் கெஞ்ச முடிந்த வாய்க்கு, நான்காவது வீட்டுக்கு வர முடியவில்லை. மாட்டேன் என்று சொல்ல அத்தைக்கு வாய் இருந்தது. தோட்டம் முழுக்க அந்த வாயைத் தெரியும். மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில்தான் கேட்கவில்லை. அதற்குப் பாசம் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்.

நான் இதை அப்பாவின் முகத்துக்கு நேராகச் சொன்னேன். "பெத்தவனைப் பேசற பேச்சா இது?" என்றார் அம்மா. "அவர் செத்திருந்தா உனக்குப் படிப்பு ஏது?" என்றார் சித்தப்பா. உண்மைதான். என் படிப்பும் அந்தச் சிறுநீரகத்தில் நடந்ததுதான். அதனால் எனக்குப் பேச உரிமை இல்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

அந்த வாரமே அத்தை தோட்டத்து ஆபீஸில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தார். சாமான்களை ஜீப்பில் ஏற்றும்போது லைன் பெண்கள் எல்லாரும் வந்து நின்றார்கள். அப்பாவும் வந்தார், எங்கள் வாசல்படி வரை.

"எங்க போற அம்மிணி? யாரைக் கேட்டுப் போற?"

மேஸ்திரி உள்பட எல்லாரும் அத்தையின் வாயைப் பார்த்தார்கள். அத்தை நாற்பது அடி தூரத்திலிருந்து அப்பாவை, அவருடைய வயிற்றின் வலது பக்கம் கீழே, அந்தச் சிறுநீரகத்தை வைத்திருக்கிற இடத்தை, கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஜீப்பில் ஏறினார்.

இப்போது நிலைமை இது. அத்தை ஊட்டிப் பக்கம் கேத்தியில் இருக்கிறார். கூடப் பறித்துக்கொண்டிருந்த படுகர் பெண் ஒருவர் அங்கே தன் வீட்டில் ஒரு அறை கொடுத்திருக்கிறார். ஒரு நாற்றுப் பண்ணையில் உட்கார்ந்து மண் நிரப்புகிற வேலை. பண்ணையில் கழிப்பறை இருக்கிறது, தண்ணீர் குடிக்கிறார். பிரஷர் மாத்திரை போடுகிறார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊட்டியில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, அந்தப் படுகர் பெண்ணின் மகள் போனிலிருந்து சீட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல்கிறார். நான் விளக்கம் எழுதி அனுப்புகிறேன். வேறு பேச்சு இல்லை. நான்கு வருடமாக நான் கேத்திக்குப் போகவில்லை. வரட்டுமா என்று இரண்டு முறை கேட்டேன், பதில் வரவில்லை. அப்பா போகவில்லை, கேட்கவும் இல்லை.

சித்தப்பா லாரி ஓட்டுகிறார். அவருடைய இரண்டு சிறுநீரகங்களும் நன்றாக இருக்கின்றன.

போன மாதம் அத்தையின் கிரியேட்டினின் 2.1. அப்பாவுடையது 1.1. இரண்டும் அத்தையின் சிறுநீரகங்கள்.